ஆட்குறைப்பு: ஒரு சொல் நடந்து வந்த பாதை



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலம் படிக்காத தமிழர்கள்கூடத் தடுமாறாமல் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பல உண்டு. ஓவர்டைம், போனஸ், இன்கிரிமென்ட் போன்றவை முகமலர்ச்சியோடு சொல்லப்படுபவை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லப்படும் ஒரு சொல்லும் அந்த வரிசையில் இருக்கிறது. அதுதான் ரிட்ரெஞ்ச்மென்ட். "அவரை ரிட்ரெஞ்ச் பண்ணிட்டாங்களாம்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அந்த வீட்டுத் தவணைகளும் பிள்ளைகளின் படிப்பும் உடனே நினைவுக்கு வந்துவிடும்.

ஆங்கிலத்தில் குறைத்தலைக் குறிக்கும் சொற்களுள் இதுவும் ஒன்று. ஆனால் எதைக் குறைப்பது? இந்தச் சொல்லின் நானூறு ஆண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகள்தான். சுவரைக் குறைப்பது, நூலின் பக்கங்களைக் குறைப்பது, வீட்டுச் செலவைக் குறைப்பது, அரசாங்கச் செலவைக் குறைப்பது என்று வந்து, கடைசியில் மனிதரைக் குறைப்பது என்று அது நிற்கிறது. இந்தப் பயணத்தைத் தெரிந்துகொள்வது மொழி ஆர்வலருக்கு மட்டுமல்ல, வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

வெட்டு என்னும் வேர்

ரிட்ரெஞ்ச் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் நடுவில் இருக்கும் டிரெஞ்ச் என்ற பகுதிக்கு வெட்டுதல் என்று பொருள். மண்ணை வெட்டித் தோண்டிய நீண்ட பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் டிரெஞ்ச் என்று பெயர். முதல் உலகப் போரில் வீரர்கள் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்தது அத்தகைய குழிகளில்தான். அந்தக் குழிகளின் குளிருக்கும் மழைக்கும் அதிகாரிகள் அணிந்த மேலங்கிதான் பிறகு நாகரிக உடையாகி டிரெஞ்ச் கோட் என்று கடைகளுக்கு வந்தது. பழங்கால ஐரோப்பிய உணவு மேசையில் இறைச்சியை வெட்டி வைத்த மரத்தட்டுக்கும் டிரெஞ்சர் என்றே பெயர். எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் கத்தியோ மண்வெட்டியோ இருக்கிறது.

கோட்டைப் போர் நடந்த காலத்தில் ரிட்ரெஞ்ச்மென்ட் என்பது படைவீரர் பேசிய சொல். எதிரி வெளிச்சுவரை உடைத்துவிடுவான் என்று தெரிந்ததும், உள்ளே இருப்பவர்கள் அந்த உடைப்புக்குப் பின்னால் அவசரமாக ஒரு பள்ளம் வெட்டி, மண்ணை மேடாகக் குவித்து, இரண்டாவது அரண் ஒன்றை எழுப்புவார்கள். அந்த உள் அரணுக்குத்தான் அந்தப் பெயர். வெளியே கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுத்து, உள்ளே இருப்பவர்களின் உயிரைக் காப்பது அதன் நோக்கம். அரண் சுருங்கும், ஆட்கள் பிழைப்பார்கள். இன்று அந்தச் சொல் பயன்படும் விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் இச்சொல் எழுத்தாளர்களிடமும் போனது. நூலில் வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்குவதை அப்படிச் சொன்னார்கள். அதே காலத்தில் செலவைக் குறைத்துக்கொள்வதற்கும் அது வழங்கலாயிற்று. பிறகு அந்தப் பொருளே நிலைத்தது.

வீட்டுக் கணக்கில் ஒரு சொல்

அந்தக் காலத்து ஆங்கிலக் குடும்பங்களில் இச்சொல் எப்படி ஒலித்தது என்பதை அறிய ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவல் உதவும். 1817-ன் இறுதியில், ஆசிரியர் மறைந்த பிறகு வெளிவந்த நூல் அது. அதில் சர் வால்டர் எலியட் என்ற பிரபு கடனில் மூழ்குகிறார். செலவைச் சுருக்க வழி உண்டா என்று மூத்த மகள் எலிசபெத்திடம் கேட்கிறார். அங்கே அவர் வாயிலிருந்து வரும் சொல் இதுதான்.

மகள் தீவிரமாக யோசித்துச் சொல்லும் வழிகளைப் பாருங்கள். அவசியமில்லாத சில தர்மங்களை நிறுத்துவது. வரவேற்பறைக்குப் புதிய தளவாடங்கள் வாங்காமல் இருப்பது. ஆண்டுதோறும் தங்கை ஆனுக்கு லண்டனிலிருந்து வாங்கி வரும் பரிசை இந்த முறை வாங்காமல் விடுவது. தன் சுகத்தில் கைவைக்கவில்லை. பட்டியலில் முதலில் வருவது ஏழைக்குப் போன காசு. கடைசியில் வருவது வீட்டில் எதிர்த்துப் பேசாத பெண்ணுக்குப் போன காசு. சிக்கனம் என்று வரும்போது யாருடைய பங்கு முதலில் வெட்டப்படும் என்பதை ஆஸ்டின் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். கடைசியில் அந்தக் குடும்பம் மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்டு பாத் நகருக்குக் குடிபெயர்கிறது.

செலவைச் சுருக்குவது தவறு என்று யாரும் சொல்லமுடியாது. வரவு சிறிதானாலும் செலவு அதைவிட விரியாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். தன் செலவைத் தானே குறைத்துக்கொள்வதைத்தான் வள்ளுவர் பேசுகிறார். பழைய ஆங்கிலச் சொல்லும் முதலில் அதைத்தான் பேசியது.

அரசியல் முழக்கமாக

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லுக்குப் பெருமை கூடியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜோசப் ஹியூம் என்ற உறுப்பினர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றி, இந்திய மொழிகளைக் கற்று, பிறகு அரசியலுக்கு வந்தவர். அரசாங்கத்தின் ஒவ்வொரு செலவையும் துருவித் துருவிக் கேட்பதே அவர் வேலை. 'அமைதி, சீர்திருத்தம்' என்றிருந்த முழக்கத்தின் நடுவில் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்பதைச் சேர்க்கச் செய்தவர் அவரே என்பார்கள். 1830-ல் கிரே பிரபு அமைத்த அரசாங்கத்தோடு அந்த முழக்கம் இணைந்தது. பின்னர் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி அதைத் தன் கொடியாகவே பிடித்துக்கொண்டது. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டைக்கூட நாட்டுக்காகச் சேமிப்பது நிதியமைச்சரின் கடமை என்று கருதியவர் கிளாட்ஸ்டன்.

அப்போது அந்தச் சொல்லைக் கேட்டு ஏழை அஞ்சவில்லை. பிரபுக்கள் வேலை பார்க்காமலே வாங்கிய சம்பளங்களும், வீண் போர்ச் செலவுகளும், சாதாரண மக்கள் தலையில் விழுந்த வரிகளும் குறையும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது.

முதல் உலகப் போர் முடிந்தபோது நிலைமை மாறியது. கடன் கழுத்தை நெரித்தது. பிரிட்டனில் சர் எரிக் கெடிஸ் தலைமையிலான குழு 1922-ல் கொடுத்த அறிக்கையின்படி படை, கல்வி, சுகாதாரம் எனப் பல துறைகளில் செலவு வெட்டப்பட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கெடிஸ் கோடரி'. அதே ஆண்டில் இந்தியாவுக்கும் இன்ச்கேப் பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பெயரே இந்திய ரிட்ரெஞ்ச்மென்ட் குழு. அரசாங்கச் செலவில் பெரும்பகுதி சம்பளம். ஆகவே செலவை வெட்டப் போன கோடரி சம்பளம் வாங்கிய மனிதர்மேல் விழுந்தது.

சொல்லின் இலக்கணம் மாறியதும் இந்தக் காலகட்டத்தில்தான். அதுவரை செயப்படுபொருள் செலவாக இருந்தது. இப்போது ஊழியர் அந்த இடத்துக்கு வந்தார். 'செலவு வெட்டப்பட்டது' என்பது 'அவர் வெட்டப்பட்டார்' என்றானது.

பொன்மலையும் ரப்பர்த் தோட்டமும்

தமிழர் வாழ்வில் இச்சொல் பெரும் புயலாக நுழைந்தது 1928-ல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பணிமனைகளைத் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒன்றுசேர்க்க முடிவு செய்தது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் வேலை பார்த்தவர்கள் இடம்பெயர வேண்டும். 3,000-க்கும் மேற்பட்டோர் வேலையை இழக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் துணை நின்ற சிங்காரவேலர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 68.

ஈராண்டில் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியது. ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன. பிறகு ஆட்களைக் குறைத்தன. 1930-ல் தமிழ்நாட்டிலிருந்து புதிதாகத் தொழிலாளரைக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். காட்டை அழித்து, பால்மரம் வெட்டி, கம்பெனிகளுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் கணக்கேட்டில் ஒரு செலவினமாக நின்றார்கள். கணக்கு சரிக்கட்டப்பட்டது.

சட்டத்துக்குள் வந்த சொல்

சுதந்திர இந்தியாவில் இச்சொல்லுக்குச் சட்ட வரையறை கிடைத்தது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் செய்யப்பட்ட திருத்தம், ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினாலும் அது ரிட்ரெஞ்ச்மென்ட் என்றது. ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தரவேண்டும் என்றும் விதித்தது.

உடனே வழக்குகள் வந்தன. தொழில் நடந்துகொண்டிருக்கும்போது மிகையான ஆட்களை நிறுத்துவது மட்டும்தான் இச்சொல்லின் பொருள் என்று 1956-ல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. 1976-ல் வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், சட்டம் எந்தக் காரணத்துக்காகவும் என்று சொல்லியிருப்பதால் குறிப்பிட்ட தவணை முடிந்து ஒருவர் வெளியேற்றப்படுவதும் அதில் அடங்கும் என்றார். 1990-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த விரிந்த பொருளையே உறுதி செய்தது. ஆனால் 2020-ல் இயற்றப்பட்ட புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவரின் தவணை முடிவதை அந்தச் சொல்லுக்கு வெளியே வைத்துவிட்டது. ஒரு சொல்லின் எல்லை ஓரங்குலம் தள்ளிப் போனால் எத்தனை குடும்பங்கள் இழப்பீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ போகும் என்பதற்கு இந்த வழக்குகளே சான்று.

சிங்கப்பூரில் 1968 மறக்க முடியாத ஆண்டு. 1971 இறுதிக்குள் தன் படைகள் வெளியேறும் என்று பிரிட்டன் அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை பார்த்தார்கள். தளங்களில் ஆட்குறைப்புக்கு ஆளானோருக்குப் புதுத் தொழிற்பயிற்சி தரப்பட்டது. கடற்படையின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியது. கோட்டைக் காலத்தில் சொன்ன அந்த உள் அரண் என்ற பழைய பொருள் இங்கே ஓரளவுக்கு உயிர் பெற்றது என்று சொல்லலாம்.

அதே 1968-ல் வந்த வேலை நியமனச் சட்டம், 3 ஆண்டுகள் பணியாற்றாதவர்க்கு ஆட்குறைப்பு அனுகூலத்தில் உரிமை இல்லை என்றது. 2015-லிருந்து அது 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1998-ன் ஆசிய நிதி நெருக்கடியில் சுமார் 29,000 பேரும், கொவிட் பரவிய 2020-ல் 26,000-க்கும் மேற்பட்டோரும் சிங்கப்பூரில் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள்.

ஊருக்கு ஒரு பெயர்

ஒரே துன்பத்துக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது. பிரிட்டனில் ரிடண்டன்ட் என்பார்கள். 1965-ல் அந்தப் பெயரிலேயே இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் லத்தீன் வேருக்கு அலை பொங்கி வழிவது என்று பொருள். அதாவது மனிதர் வழிந்து வெளியே விழுந்த மிகை நீர். அமெரிக்கர்களின் லே ஆஃப், வேலை வந்ததும் திரும்ப அழைப்பார்கள் என்ற நம்பிக்கையோடு ஒரு காலத்தில் வழங்கியது. டவுன்சைசிங் என்ற சொல் 1970களில் பெரிய கார்களைச் சிறிதாகத் தயாரிப்பதற்காக அமெரிக்காவில் பிறந்தது. பத்தாண்டுக்குள் அது தொழிலாளர்மேல் ஏறிக்கொண்டது. பிறகு 'சரியான அளவாக்குதல்' என்று ரைட்சைசிங் வந்தது. அப்படியானால் வெளியேறியவர்தான் அளவைக் கெடுத்தவரா?

தமிழ் நாளிதழ்கள் ஆட்குறைப்பு என்று எழுதுகின்றன. ஆங்கிலச் சொல்லில் மனிதர் எங்கும் இல்லை. வெட்டு மட்டுமே இருக்கிறது. தமிழ்ச் சொல் 'ஆள்' என்று தொடங்குகிறது. குறைக்கப்படுவது செலவுத்தொகை அல்ல, ஆள் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறது. அந்த வகையில் இது நேர்மையான ஆக்கம்.

ஆனால் அதைப் பயன்படுத்துவதில் ஒரு பிழை பரவிவிட்டது. "அவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டார்" என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். நூறு பேர் எண்பதாவது ஆட்குறைப்பு. ஒரே ஆளில் எந்த ஆளைக் குறைப்பது? "ஆட்குறைப்பில் அவர் வேலையை இழந்தார்" என்றோ, "நிறுவனம் ஆட்குறைப்பு செய்தது, அதில் அவரும் ஒருவர்" என்றோ சொன்னால் தமிழும் சரியாக இருக்கும், யார் குறைத்தது, யார் இழந்தது என்பதும் தெளிவாகும்.

வேலைநீக்கம், பணிநீக்கம் என்பவற்றை ஆட்குறைப்போடு கலந்துவிடுவதும் சரியல்ல. திருட்டு, சண்டை, கடமை தவறுதல் என்று குற்றத்தின்பேரில் அனுப்பப்படுவதும் வேலைநீக்கத்தில் அடங்கும். ஆட்குறைப்பில் தொழிலாளியின் குற்றம் எதுவும் இல்லை. "தூக்கிட்டாங்க" என்று பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாக்கும்போது, பிழை செய்யாத மனிதர் பிழை செய்தவராகத் தலைகுனிகிறார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், காலையில் வழக்கம்போல் உடையணிந்து புறப்பட்டு, மாலைவரை எங்காவது உட்கார்ந்துவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. அவர்களை வாட்டுவது பணக் கவலை மட்டுமல்ல, இந்தச் சொற்குழப்பம் தரும் வெட்கமும்தான்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இச்சொல் கையொப்பத்தோடு சம்பந்தப்பட்டது. சில முதலாளிகள் ஆட்குறைப்பு என்று எழுத விரும்புவதில்லை. "நீங்களே ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுங்கள், அடுத்த வேலைக்கு நல்லது" என்று அன்பாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விளைவு வேறு.

மலேசியாவில் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ், வேலையை இழந்தவர் 60 நாட்களுக்குள் சொக்சோவிடம் விண்ணப்பித்து உதவித்தொகை பெறலாம். தாமாக ராஜினாமா செய்தவருக்கும் ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவருக்கும் அது கிடைக்காது. தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மாத ஊதியம் 4,000 ரிங்கிட்டுக்கு மிகாதவர்க்கு, ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் பணியாற்றியிருந்தால் ஆண்டுக்கு 10 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள் ஊதியம் இழப்பீடாகச் சேரவேண்டும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டால் இந்தக் கணக்கும் கைவிட்டுப் போகும்.

சிங்கப்பூரில் 2021 நவம்பர் முதல், குறைந்தது 10 பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம்வரை ஊதியம் தருவது அங்கே பொதுவான வழக்கம். காலியான இடத்துக்கு விரைவில் வேறு ஆள் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால், முதலாளி என்ன பெயர் சொன்னாலும் அது ஆட்குறைப்பாகவே கருதப்படும் என்று அமைச்சு வழிகாட்டியிருக்கிறது. 2025-ல் தொடங்கப்பட்ட வேலை தேடுவோர் உதவித் திட்டமும் தம் விருப்பமின்றி வேலையை இழந்தவருக்குத்தான், ஆறு மாதங்களில் 6,000 வெள்ளிவரை தருகிறது.

ஆகவே கடிதம் கையில் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது தொகையை அல்ல, அதில் உள்ள சொல்லை. ராஜினாமாவா, ஒப்பந்த முடிவா, ஆட்குறைப்பா? விளங்காவிட்டால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்திடலாம். ஒருநாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

உறவினருக்கும் நண்பருக்கும் ஒரு கடமை இருக்கிறது. வேலையை இழந்தவரிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதிருக்க வேண்டும். அவர் எதுவும் செய்யவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் சட்டப் பொருளே. வெட்டப்பட்டது நிறுவனத்தின் செலவு. அவருடைய உழைப்பும் திறமையும் அவரிடமே இருக்கின்றன. அடுத்த வேலை கிடைக்கும்வரை அவருக்குத் தேவைப்படுவது, பின்வாங்கி நின்று மூச்சுவிட ஓர் உள் அரண். அதைக் குடும்பமும் சமூகமும்தான் கட்டித்தர முடியும்.